எனக்குங்க

என் வீட்டுக்காரர் தனபாலைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுசனுங்க" என்பார்கள். அவரோடு குடும்பம் நடத்தாத எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். குடும்பம் நடத்துகிறவள் நான் ஒருத்திதான், என்னை யாரும் கேட்பதில்லை. அதனால் நானாகவே சொல்லிவிடுகிறேன்.

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். கம்பெனிக்காரர்கள் குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள், நாங்கள் வளர்த்துக் கொடுக்க வேண்டும். கொட்டகை நிற்கிற இடம் சுத்தமான பாறைக்காடு. அது எப்படி எங்கள் பங்குக்கு வந்தது என்றால், பாகம் பிரித்த அன்றைக்கு இவருடைய அண்ணன், "ஏந்தம்பி, கெணத்துப் பக்கம் நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இவர், "எடுத்துக்குங்ணா, அதுக்கென்னங்க" என்றுவிட்டார். நான் மாசமாக இருந்த நேரம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காரணம்பேட்டை நாலு ரோட்டில் எங்கள் ஆம்னி வேன் நின்றால், வருகிற லாரி, பஸ், பால் வண்டி, மொபெட் அத்தனைக்கும் கையைக் காட்டி "போங்க, போங்க" என்று அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்துத் திட்டினால் அவனையும் முன்னால் விடுவார். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்பது தெரிந்தால் எழுந்துவிடுவார். தான் எழுந்தது போதாதென்று என்னையும் எழுப்புவார். பாயசம் தீர்ந்த பிறகு நான் சாப்பிட்ட கல்யாணங்கள்தான் அதிகம்.

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவரிடம் அது குணமாக இல்லை, வியாதியாக இருக்கிறது. அந்த வியாதி மகளுக்கும் தொற்றியிருக்கிறது என்பதே எனக்குப் பேஸ்பால் வந்த பிறகுதான் தெரிந்தது.

மகள் பெயர் வர்ஷினி. ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு கோடை லீவுக்குப் பீளமேட்டில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் சென்னகேசவன் என்று ஒரு பயிற்சியாளர் பெண்பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறார். தங்கை வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கப் போனவள், திரும்பி வரும்போது பைத்தியமாக வந்தாள்.

பேஸ்பால் என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் விளங்காது. "கூடைக்குள்ள போடறதுங்களா?" என்பார்கள். இல்லையென்றால், "வலை கட்டித் தட்டறதுங்களா?" என்பார்கள். எனக்கே விளங்க வெகுநாள் ஆயிற்று. மட்டையால் அடித்துவிட்டு ஓட வேண்டும், அதுவரைக்கும் சரி. சதுரமாக இருக்கிற நாலு மூலையையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன்னாம். புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்காக இந்த ஓட்டம் என்று கேட்டேன். "அம்மா, நீங்க பேசாம இருங்க" என்றாள்.

அதற்கு ஒரு தோல் கையுறை, கிளவுஸ் என்கிறார்கள். முறத்தின் பாதி அளவு இருக்கும். புதுக் கிளவுஸ் விறைப்பாக இருக்குமாம், எண்ணெய் தடவிப் பந்தை உள்ளே வைத்துக் கட்டி, பாரத்துக்கு அடியில் போட்டால்தான் மடங்குமாம். என் செக்கு நல்லெண்ணெயை எடுத்து அதற்குப் பூசி, அரிசி மூட்டைக்கு அடியில் திணித்து வைத்திருந்தாள். மூட்டை ஏன் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று தூக்கிப் பார்த்தவளுக்கு நெஞ்சே நின்றுவிட்டது. ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "புள்ளை ஆசையா வெச்சிருக்குது, உடு" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

சனி, ஞாயிறு விடியக்காலையில் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, அப்பனும் மகளும் ஆம்னியில் கோயமுத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் காரியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தபோதும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனார். ஆனால் அங்கே போய் என்ன செய்கிறார் என்பது நான் கூடப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறொரு பிள்ளை கிளவுஸ் கொண்டுவர மறந்துவிட்டதாம். இவர் வர்ஷினியின் கையிலிருந்து கழற்றி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் பிள்ளை வேலி ஓரம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க, அப்ப உங்க புள்ளை எப்படீங்க ஆடும்?"

"இவ கொஞ்ச நேரம் நிக்கட்டுமே. அந்தப் புள்ளை மூஞ்சி வாடிப்போச்சு, பாவம்."

எங்கள் பக்கத்தில் புருசனைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இருக்குது, இருக்குது" என்று சிரித்தார்.

வர்ஷினி நிற்பது மைதானத்தின் கோடியில், நட்டநடுவில். அதற்கு சென்டர் ஃபீல்டு என்று பெயர். உயரத்தில் வருகிற பந்தைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை என்று பயிற்சியாளரே சொன்னார். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்து எங்கே விழும் என்று ஓடிவிடுகிறாள். எல்லாம் சரி. ஆனால் ஒரு ஆட்டத்தில், நானும் வீட்டுக்காரரும் வேலி ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பந்து ஒன்று மேலே போனது. கீழே வர்ஷினி கிளவுஸை விரித்துக்கொண்டு வந்தாள். வலப்பக்கமிருந்து பூஜிதா என்கிற பிளஸ் டூ படிக்கிற பெண்ணும் ஓடி வந்தாள். இரண்டு பேரும் பந்துக்கு அடியில் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க புடிங்க்கா."

"பரவால்ல, நீயே புடிச்சுக்கோ கண்ணு."

பந்து இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது. எதிர் அணிப் பிள்ளைகள் சதுரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார்கள். இவர் என் தோளைத் தட்டி, "பாத்தியா, எத்தனை மரியாதையாப் பேசுது நம்ம புள்ளை" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் சென்னகேசவன் எங்களிடம் வந்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், மரியாதைக்குக் குறைவில்லாதவர். ஆனால் அன்றைக்கு அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நடுவுல நிக்கிற புள்ளைக்குத்தானுங்க அங்க அதிகாரம். சென்டர்ல நிக்கிறவ 'எனக்கு'ன்னு ஒரு கத்துக் கத்துனா, அக்காவா இருந்தாலும் ஆரா இருந்தாலும் ஒதுங்கோணும். அதுதானுங்க முறை. கத்தலீன்னா ரெண்டு பேரும் மோதி மண்டை ஒடையும், இல்லாட்டி பந்து கீழ உழும். உங்க புள்ளை இருக்கறதுலயே சின்னது, எல்லாத்தையும் அக்கா அக்கான்னு கும்புட்டுட்டு நிக்குது. நான் என்னங்க பண்றது?"

"வயசுல பெரியவங்களைப் போய் எப்படீங்க சார்..." என்று இவர் இழுத்தார்.

"கிரவுண்டுக்குள்ள 'ங்க' கெடையாதுங்க" என்றார் சென்னகேசவன். அதைச் சொல்லும்போதும் அவரால் 'ங்க' போடாமல் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் வர்ஷினி கத்திப் பார்த்தாள். "எனக்குங்க" என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும், அந்த 'ங்க' வந்து சேர்வதற்குள் பந்து தரையைத் தொட்டிருந்தது.

அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கோழிக் கொட்டகை இருக்கிற வீட்டில் பிள்ளைகள் கத்தி வளர்வதில்லை. பிராய்லர் கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட மிரண்டுபோய், ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குமிந்துகொள்ளும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வர்ஷினி கைக்குழந்தையாக இருந்து வீறிட்டு அழுதபோதுகூட, அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாக ஓடுவேன். பேச ஆரம்பித்ததும் அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததே "மெதுவாப் பேசு கண்ணு" என்பதுதான். வீட்டில் மெதுவாகப் பேசு, மைதானத்தில் கத்து என்றால் பிள்ளைதான் என்ன செய்யும்?

அதற்குள் சேலத்தில் ஒரு பெரிய போட்டி வருவதாகச் சொன்னார்கள். போகிற அணியில் மற்ற இடமெல்லாம் முடிவாகிவிட்டது. சென்டர் ஃபீல்டுக்கு மட்டும் வர்ஷினியா பூஜிதாவா என்று ஒரு தேர்வு ஆட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக சென்னகேசவன் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க வர்ஷினி தட்டில் சோற்றைப் பிசைந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. நான் சமையல்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த எடம் எனக்குக் கெடைக்குமுங்களா?"

அரிவாள்மனையில் என் கை நின்றுவிட்டது. இந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக்கு என்ன துணி வேண்டும் என்றால் "எதுன்னாலும் சரிங்கம்மா" என்பாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றாலும் அதே பதில்தான். அப்படிப்பட்டவள் இதைக் கேட்கிறாள் என்றால், எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! எப்படியாவது இவளுக்கு இது கிடைத்துவிட வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

கத்திப் பழக இடம் வேண்டுமே. ஊருக்கு மேற்கே காற்றாலை நிற்கிற காட்டுக்கு அப்பனும் மகளும் சாயங்காலம் போய்வர ஆரம்பித்தார்கள். அங்கே இறக்கை சுற்றுகிற இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. இவர் பந்தை உயரத் தூக்கிப் போட்டுவிட்டு, தானும் அதைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓட வேண்டும், அவள் கத்தி இவரை நிறுத்த வேண்டும். திட்டம் நல்ல திட்டம்தான். எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பந்தைப் போட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்ததுமே இவர், "நீங்க புடிங்க அம்மணி" என்று ஒதுங்கிக்கொண்டார். அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுபடி போட்டார், மறுபடி ஒதுங்கினார்.

"ஏனுங்க, நீங்க போடறதோட நிறுத்திக்குங்க. நான் நிக்கறேன்" என்றேன்.

"நீயா? பந்து கல்லாட்டம் இருக்குது. மேல பட்டுதுன்னா?"

"பட்டா எனக்குத்தானுங்க படும். போடுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். முதல் பந்து மேலே போனது. "அம்மா, எனக்குங்க" என்றாள். இன்னொரு தோசை கேட்கிற குரல். நான் காதில் வாங்காதது போலவே ஓடிப்போய் அவளை இடித்துத் தள்ளினேன். பந்து என் தோளில் பட்டு விழுந்தது. உயிர் போகிற வலி. இவர் ஓடி வந்தார், அவள் அழுதாள். "ஒண்ணுமில்ல, போடுங்க" என்றேன். அடுத்ததையும் நானே மறித்தேன். அதற்கடுத்ததையும் மறித்தேன். பிள்ளைக்கு முகம் சிவந்து, மூக்கு விடைத்து, ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. எனக்கும் மூச்சு வாங்கியது. நல்லவேளை, சொந்தக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

கடைசியில் ஒரு பந்து வெகு உயரம் போனது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன்.

"எனக்கு! தள்ளு!"

காற்றாலை இரைச்சலையும் மீறிக் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கத்தியவளும் நின்றுவிட்டாள். கிளவுஸால் வாயைப் பொத்திக்கொண்டாள். பந்து கேட்பாரில்லாமல் எங்கேயோ விழுந்தது.

"அம்மா, தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க."

இவருக்கு முகமே வெளுத்துவிட்டது. "பெத்த தாயைப் போயித் தள்ளுங்குதே" என்றார். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலச் சந்தோசமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "இன்னொண்ணு போடுங்க" என்றேன்.

தேர்வு ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். முதல் பாதி பூஜிதா நடுவில் நின்றாள். நன்றாகத்தான் ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. பிறகு வர்ஷினி நடுவுக்கு வந்தாள், பூஜிதா வலப்பக்கம் போனாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் அந்தப் பக்கம் பந்தே போகவில்லை. கடைசியில் ஒன்று போனது, இரண்டு பேருக்கும் நடுவில், நல்ல உயரத்தில். இரண்டு பேரும் ஓடினார்கள். என் பக்கத்தில் இவர் வாய்க்குள்ளேயே, "பாத்துங்க கண்ணு, பாத்துங்க" என்று முனகினார்.

"எனக்கு!"

பூஜிதா சட்டென்று ஒதுங்கினாள். பந்து வர்ஷினியின் கிளவுஸுக்குள் போய் அடங்கியது. சென்னகேசவன் ஒரு தடவை கை தட்டினார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "சென்டர், வர்ஷினி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் எரிச்சல்பட்டதெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தச் சந்தோசத்தை முழுதாக அனுபவிக்க விட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

பூஜிதா மட்டைப் பையின் மேல் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பா வெங்கடபதி, பீளமேட்டில் பம்புசெட் சாமான் கடை வைத்திருப்பவர், மெல்ல எங்களிடம் வந்தார்.

"உங்க புள்ளை அருமையா ஆடுச்சுங்க. ரொம்ப சந்தோசமுங்க" என்றார். மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்க பாப்பாவுக்கு இதுதானுங்க கடைசி. அடுத்த வருசம் காலேஜு போயிருமுங்க. அதுக்கப்புறம் எங்கீங்க ஆடறது."

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே கேட்பார்கள். எதிரில் நிற்கிறவர் புரிந்துகொண்டு தானாகக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. வெங்கடபதி கெட்டவர் இல்லை. மகள் அழுவதைப் பார்க்க முடியாமல் வந்து நின்ற தகப்பன். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததுமே, என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையிலிருந்து நழுவிப் பயிற்சியாளரிடம் போய்விட்டார்.

"சார், ஒரு வார்த்தைங்க. எங்க புள்ளை சின்னதுங்க. அதுக்கு இன்னும் வருசமிருக்குதுங்க. இந்தத் தடவை பூஜிதாவே போயிட்டு வரட்டுமுங்க."

சுற்றி நின்ற பெற்றவர்கள் எல்லாம் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "பெரிய மனசுங்க" என்றார். சென்னகேசவன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான் முடிவு சொல்லிட்டனுங்க. ஆனா பெத்தவங்களே அனுப்பலீன்னா நான் கட்டி இழுத்துட்டா போக முடியுமுங்க?" என்றார். வெங்கடபதி கைகூப்பிவிட்டார்.

இந்த மனிதரை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தோன்றியதை எழுத முடியாது. தன்னுடையதைக் கொடுக்கட்டும், என்னுடையதையும் கொடுக்கட்டும், தொலையட்டும். அந்தப் பிள்ளை வெயிலில் கருகி, தொண்டை கிழியக் கத்தி வாங்கியதைக் கொடுக்க இவர் யார்? நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வர்ஷினி முன்னால் வந்துவிட்டாள்.

"அப்பா. அந்த எடம் எனக்கு."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் 'ங்க' இல்லை. அவள் அப்பனிடம் 'ங்க' இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"கண்ணு, அக்காவுக்குக் கடைசி வருசமுங்க..."

"எனக்கு" என்றாள் மறுபடியும். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் நகரவில்லை. பெரிய மனசு என்று சொன்னவர் வேறு பக்கம் பார்த்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு சென்னகேசவன் பந்துகளைப் பொறுக்கப் போனார். வர்ஷினி பூஜிதாவிடம் போய், "மன்னிச்சுக்குங்க்கா" என்றாள். பூஜிதா தொப்பியை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றபோது, இவர் கண்ணாடியில் மகளைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ளை அழுதுட்டு இருந்துச்சு கண்ணு" என்றார்.

"பாத்தனுங்கப்பா."

"பாவமில்லீங்களா?"

"பாவந்தானுங்க." கொஞ்ச நேரம் கிளவுஸின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க குடுத்திருந்தா நானும் அழுதிருப்பனுங்கப்பா. அங்க அழுதிருக்க மாட்டேன். ஊட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு அழுதிருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

பச்சை விளக்கு விழுந்தது. இவர் வண்டியை எடுத்தார். சூலூர் தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்படி முன்னாடி எப்பவாச்சும் அழுதிருக்கீங்களா கண்ணு?"

வர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.